வீட்டுக் கராஜில் ரோட்டரி என்ஜின் மாற்றம்: மறுசீரமைக்கப்பட்ட ரெனிசிஸ் 13பி ஒரு மதிப்புரை

இங்கிலாந்தில் ரோட்டரி என்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டார் சுழலும் என்ஜின்) வேலையை மட்டுமே செய்துவரும் ஒரு பட்டறையிடமிருந்து மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காருக்கான மறுசீரமைக்கப்பட்ட ரெனிசிஸ் என்ஜினை வாங்கி, அதை வீட்டுக் கராஜிலேயே பொருத்தி, ஓட்டிப் பழக்கிய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என்ஜின் என்ற பொருளைப் பற்றியும், அதை வீட்டில் மாற்றுகிற வேலையைப் பற்றியும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்த என்ஜின் நன்றாக ஓடுமா, ஓடாதா என்பதைப் பாதிக்குமேல் தீர்மானிப்பது அதைச் சுற்றி நீங்கள் செய்யும் வேலைதான். விற்பவர்கள், பழையதை இறக்கிவிட்டுப் புதியதை வைத்தால் தீர்ந்தது என்கிறார்கள். ரோட்டரியைத் தொட்டறியாத மெக்கானிக்குகளோ, அதில் கைவைப்பதே வீண் வேலை என்கிறார்கள். இரண்டு பேச்சும் உண்மைக்குத் தொலைவில் இருக்கின்றன. என்ஜினைத் தூக்கி வைப்பது கடினமான வேலைதான் என்றாலும், பொறுமையுள்ள இருவரால் முடிகிற வேலை. முதல் என்ஜினைக் கெடுத்த காரணம் எது என்று கண்டுபிடித்து, அதைக் காரிலிருந்து அகற்றுவதுதான் உண்மையான சிரமம். அதைச் செய்யாதவருக்கு எவ்வளவு நல்ல என்ஜின் கிடைத்தும் பயனில்லை.

ஆர்எக்ஸ்-8 ஹிரோஷிமாவில் 2003 முதல் 2012 வரை தயாரிக்கப்பட்ட கார். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் ஐரோப்பாவில் அதன் விற்பனை 2010-இலேயே நின்றுவிட்டது. மொத்தம் சுமார் 1.9 லட்சம் கார்கள் வெளிவந்தன. அதன் ரெனிசிஸ் என்ஜினில் ஒவ்வொன்றும் 654 சிசி கொண்ட இரண்டு ரோட்டார்கள், மொத்தம் 1308 சிசி. டர்போ இல்லாமலேயே 231 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9000 சுழற்சி வரை தயங்காமல் ஏறும் குணம் ஆகியவற்றால் அந்த என்ஜின் 2003-இல் ஆண்டின் சிறந்த என்ஜின் என்ற சர்வதேச விருதையும் பெற்றது. ரெனிசிஸ் சேர்ந்த 13பி குடும்பத்தின் பழைய என்ஜின்களில் ரோட்டார் ஹவுசிங்கின் (ரோட்டாரைச் சுற்றியுள்ள கூட்டின்) வளைந்த சுவரில் இருந்த புகைவாயிலை, ரெனிசிஸில் பக்கவாட்டுத் தட்டுகளுக்கு மாற்றினார்கள். இதனால் உள்வாயிலும் புகைவாயிலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நிலை ஒழிந்தது. புகை குறைந்தது, எரிபொருளும் ஓரளவு மிச்சமாயிற்று. ஆனால் எரிந்த வாயுவும் கரியும் பக்கவாட்டு சீல்களை (வாயு கசியாமல் அடைக்கும் கீற்றுகளை) உரசிக்கொண்டே வெளியேற வேண்டிய கட்டாயமும் அதோடு சேர்ந்தே வந்தது. கம்ப்ரஷன் (அறைக்குள் வாயு அழுத்தப்படும் அளவு) குறைந்த என்ஜின்கள் பட்டறைகளுக்குத் திரும்பத் தொடங்கியபோது, அமெரிக்காவில் என்ஜினின் உட்பகுதிக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டுகள் அல்லது 1,00,000 மைல்கள் என்று மாஸ்டா நீட்டித்தது. அந்தக் காலமெல்லாம் கடந்துவிட்டது. இன்று சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான ஆர்எக்ஸ்-8 கார்களின் விலை, நல்ல முறையில் மறுசீரமைத்த என்ஜினின் விலையைவிடக் குறைவு. இதனால்தான் பலர் என்ஜின் மாற்றும் வேலையைத் தாங்களே செய்யத் துணிகிறார்கள். கூலியையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு எந்த வகையிலும் ஒத்துவராது.

என்ஜினுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டியது கம்ப்ரஷன் சோதனை. எங்கள் காரில் வழக்கமான அறிகுறி தெரிந்திருந்தது: குளிர்ந்த நிலையில் உடனே உயிர் பெறும், நெடுஞ்சாலையில் ஓட்டி வந்து பெட்ரோல் போட நிறுத்தினால், சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இதற்குக் கம்ப்ரஷன் குறைவுதான் பெரும்பாலும் காரணம் என்றாலும், ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினாலும், ப்ளக்குகளுக்குப் பொறி தரும் காயில்கள் களைத்திருந்தாலும் இதே அறிகுறி வரும். பிஸ்டன் என்ஜினுக்கான சாதாரண மானி இங்கே உதவாது. ரோட்டாருக்கு மூன்று முகங்கள் இருக்கின்றன. சாதாரண மானி மூன்றில் உயர்ந்ததை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் மறைத்துவிடும். மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டி, சுழற்சி வேகத்தையும் சொல்கிற மின்னணு ரோட்டரி சோதனைக் கருவிதான் வேண்டும். அது விலை கூடிய கருவி என்பதால் வாடகைக்கு எடுப்பது நல்லது. மாஸ்டாவின் கையேட்டின்படி 250 சுழற்சியில் 830 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும். 680-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரே ரோட்டாரின் முகங்களுக்கிடையே 150-க்கு மேலும், இரண்டு ரோட்டார்களுக்கிடையே 100-க்கு மேலும் வேறுபாடு இருக்கக் கூடாது. சுழற்சி வேகத்தைச் சொல்லாமல் கம்ப்ரஷன் எண்ணை மட்டும் சொல்வதில் பொருளே இல்லை, ஏனென்றால் வேகமாகச் சுற்றும் புதிய ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு எடுத்தால் தேய்ந்த என்ஜின்கூட நல்ல எண்ணைக் காட்டும். கார் வாங்குகிறவரும் சரி, என்ஜின் வாங்குகிறவரும் சரி, இதை மறக்கவே கூடாது.

எந்த என்ஜின் என்பதும் முக்கியம். 231 குதிரைத்திறன் கொண்டதில் ஆறு உள்வாயில்களும் ஆறு இன்ஜெக்டர்களும் உண்டு. 192 குதிரைத்திறன் கொண்டதில் இரண்டுமே நான்குதான். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அப்படியே வைக்க முடியாது. வயரிங், கணினி, உள்வாங்கும் குழாய்த் தொகுப்பு எல்லாமே வேறு. "ஆர்எக்ஸ்-8 என்ஜின்" என்று மட்டும் எழுதி விற்பவரிடம் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ரோட்டரி என்ஜினைப் பிரித்துப் பார்த்தவருக்குத் தெரியும், அது அடுக்கு டிபன் கேரியரைப் போன்ற அமைப்பு: முன் தட்டு, ரோட்டார் ஹவுசிங், நடுத் தட்டு, இன்னொரு ரோட்டார் ஹவுசிங், பின் தட்டு என்று ஐந்து அடுக்குகள், முன்னும் பின்னுமாக ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ட்கள் அவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. மறுசீரமைப்பு என்ற ஒரே பெயரில் விற்கப்படும் வேலைகளின் தரம் இந்த ஐந்து அடுக்குகளில்தான் வேறுபடுகிறது. ரோட்டாரின் முனை சீல்களையும் ரப்பர் வளையங்களையும் மட்டும் புதிதாகப் போட்டு, தேய்ந்த ஹவுசிங்குகளை அப்படியே திரும்பப் பூட்டிக் கொடுப்பதும் மறுசீரமைப்பு என்றே அழைக்கப்படுகிறது. ஹவுசிங்கின் உட்சுவரில் இருக்கும் குரோம் பூச்சு விளிம்புகளில் உரிந்திருந்தால், புதிய சீல் எவ்வளவு நல்லதானாலும் நீடிக்காது. பக்கத் தட்டுகளில் சீல்கள் உரசி உண்டான படி போன்ற தேய்மானம் இருந்தால், தட்டைச் சமன்படுத்தி மேற்பரப்பை மீண்டும் கடினப்படுத்தியிருக்க வேண்டும். ஆகவே ஹவுசிங்குகள் புதியனவா பழையனவா, தட்டுகளுக்கு என்ன செய்யப்பட்டது, முனை சீல்கள் மாஸ்டாவின் சீல்களா வேறு தயாரிப்பா, தாங்கிகள் மாற்றப்பட்டனவா, தண்டின் முன்பின் அசைவு எவ்வளவு என்று அளக்கப்பட்டது ஆகியவற்றை எழுத்தில் கேட்டோம். எங்களுக்கு விற்ற பட்டறை பெரும்பாலானவற்றுக்கு நேர்மையாகவும் விரிவாகவும் பதில் தந்தது: ஹவுசிங்குகள் இரண்டும் புதியவை, பக்கத் தட்டுகள் சமன்படுத்தப்பட்டவை. ஆனால் என்ஜினோடு வந்த சோதனைத் தாளில் ஆறு முகங்களின் அளவுகள் இருந்தனவே தவிர, சுழற்சி வேகம் குறிக்கப்படவில்லை. கேட்ட பிறகு அனுப்பினார்கள். கேட்காத வாடிக்கையாளருக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தாளை நம்பித்தான் ஒருவர் பெரும் தொகையைக் கொடுக்கிறார்.

மரத்தட்டில் கட்டப்பட்டு வந்த என்ஜின், பொதி பிரித்தவுடன் பார்க்க அழகாகவே இருந்தது. முன்மூடியும் எண்ணெய்த் தொட்டியும் பூட்டி, வாயில்கள் அனைத்தையும் அடைத்து அனுப்பியிருந்தார்கள். அவ்வளவுதான் வரும் என்பதை வாங்குகிறவர் தெரிந்திருக்க வேண்டும். உள்வாங்கும் குழாய்கள், புகைக்குழாய், இன்ஜெக்டர்கள், தண்ணீர் பம்ப், ஆல்டர்னேட்டர், எண்ணெய் அளக்கும் பம்ப், சென்சர்கள், ஃப்ளைவீல் (தண்டின் முனையில் சுழலும் கனமான சக்கரம்), கிளட்ச் எல்லாமே பழைய என்ஜினிலிருந்து வர வேண்டியவை. வேலையின் நீளம் இந்த இடத்தில்தான் தெரியத் தொடங்கும்.

ஃப்ளைவீலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிஸ்டன் என்ஜின்களில் பழகிய கை இங்கேதான் திகைத்து நிற்கும். வழக்கமான கார்களில் ஃப்ளைவீலை ஆறோ எட்டோ போல்ட்கள் பிடித்திருக்கும். இங்கே ஒரே ஒரு நட்டு. அதன் அளவு 54 மில்லிமீட்டர். அதைக் கையேடு சொல்கிறபடி 390 முதல் 490 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கியிருப்பார்கள். கூடவே திரவப் பசையும் இட்டிருப்பார்கள். சக்கர நட்டுக்குத் தேவைப்படும் இறுக்கத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. வீட்டில் வைத்திருக்கும் சாதாரண இம்பாக்ட் ரெஞ்ச் அதன்மேல் தடதடவென்று சத்தம் போடுமே தவிர நட்டை அசைக்காது. பசை இளகும்வரை நட்டைச் சூடாக்கி, ஃப்ளைவீல் சுழலாதபடி பல்சக்கரத்தில் பூட்டு மாட்டி, முக்கால் அங்குலக் கம்பியில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி, என் மைத்துனர் தன் முழு எடையையும் அதன்மேல் சாய்த்தபோதுதான் அது ஒரு வெடிச்சத்தத்தோடு இளகியது. நட்டு இளகியதும் ஃப்ளைவீல் கையோடு வந்துவிடாது. கூம்பு வடிவத் தண்டின்மேல் அது இறுகியிருக்கும். இழுப்புக் கருவியை மாட்டி, நடு போல்ட்டை முறுக்கிக்கொண்டே போனால், எதிர்பாராத ஒரு நொடியில் படாரென்று விடுபடும். அப்போது அது தரையில் விழாமல் இருக்க நட்டை முழுதும் கழற்றாமல் சில மரைகள் அளவுக்கு விட்டுவைக்க வேண்டும். ஃப்ளைவீலோடு சேர்ந்த எதிர் எடை அந்த என்ஜினின் ரோட்டார்களின் எடைக்கேற்ப அமைக்கப்பட்டது. மாஸ்டாவின் முந்தைய ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-7-இலிருந்து மலிவாகக் கிடைத்தது என்று வேறொன்றை மாட்டினால் அதிர்வே என்ஜினைக் குலைத்துவிடும். இந்த வேலைக்கான ஸாக்கெட், பூட்டு, இழுப்புக் கருவி மூன்றையும் அதே பட்டறை வாடகைக்குத் தருகிறது. அதற்காகவே அவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம்.

முன்பக்கத்தில் கப்பிச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மைய போல்ட்டை மட்டும் தேவையில்லாமல் தொட வேண்டாம். அதை இளக்கும்போது தண்டு பின்னோக்கி நகர்ந்தால், முன்மூடிக்குள் இருக்கும் ஊசித் தாங்கி தன் இடத்தைவிட்டு வழுவி, தட்டுக்கும் வளையத்துக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. மறுபடி போல்ட்டை இறுக்கினால் தாங்கி நசுங்கி, என்ஜின் முதல் ஓட்டத்திலேயே உலோகத் துகளைக் கக்கும். தண்டின் முன்பின் அசைவு 0.04 முதல் 0.07 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதிலிருந்தே அந்த இடத்தின் நுட்பம் விளங்கும். விற்பவர் அளந்து கொடுத்த அளவு அது. அதை அப்படியே காப்பாற்றுவதுதான் வீட்டில் வேலை செய்பவரின் பொறுப்பு.

இனி, பழைய என்ஜினை இறக்கும் வேலை. ரெனிசிஸ் சுமார் 110 கிலோதான். வாடகைக்குக் கிடைக்கும் சிறிய என்ஜின் கிரேனே போதும். ஆனால் காரின் எடையைச் சமமாகப் பகிர வேண்டும் என்பதற்காக மாஸ்டா இந்த என்ஜினை முன் அச்சுக்குப் பின்னால், மிகத் தாழ்வாக, முன்கண்ணாடிக்குக் கீழே வரை தள்ளி வைத்திருக்கிறது. வளைவில் கார் திரும்பும் அழகுக்கு அதுவே காரணம். கை நுழையாததற்கும் அதுவே காரணம். கியர்பாக்ஸைக் காரிலேயே விட்டு என்ஜினை மட்டும் மேல்வழியாக எடுப்பதை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். இந்தக் காரில் கியர்பாக்ஸையும் பின்பக்க டிஃபரன்ஷியலையும் நீண்ட சட்டம் ஒன்று இணைத்து வைத்திருப்பதால், கியர்பாக்ஸையும் சேர்த்து எடுப்பதானால் அந்தச் சட்டத்தையும், பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் கார்பன் இழைத் தண்டையும் கழற்றியாக வேண்டும். கியர்பாக்ஸை விட்டுவிட்டால் அந்த வேலை மிச்சம். பதிலுக்கு, என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மேல்வரிசை போல்ட்களைக் காரின் அடியில் படுத்துக்கொண்டு, நீட்டிப்புக் கம்பிகளை ஒன்றோடொன்று மாட்டி, கியர்பாக்ஸின் முதுகின்மேல் நீட்டித்தான் எட்ட வேண்டும். கண்ணால் பார்க்க முடியாத போல்ட்டை விரல் நுனியால் தடவி அடையாளம் கண்டு ஸாக்கெட்டை அதில் அமர்த்துவதுதான் அந்த வேலையின் முழு வித்தை. காரை ஜாக் ஸ்டாண்டுகளில் உயரமாக, உறுதியாக நிறுத்தாமல் இதைத் தொடங்கவே கூடாது. சமமான சிமென்ட் தரை இல்லாத வீட்டில் இந்த வேலையே வேண்டாம் என்பேன்.

பனி உருக உப்பு தூவப்படும் பிரித்தானியச் சாலைகளில் ஓடிய கார் என்றால் போல்ட்களைவிடத் துருதான் பெரிய எதிரி. புகைக்குழாயை என்ஜினோடு பிடித்திருக்கும் நட்டுகளுக்குப் பல நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி வர வேண்டும். முன்சக்கரங்களுக்கு முன்னால் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான்களுக்குச் செல்லும் குழாய்களின் இணைப்புகள் அலுமினியமும் இரும்பும் ஒன்றாகவே ஆகிவிட்டது போல இறுகிப்போயிருக்கும். அவற்றை முறுக்கிப் பிடுங்கினால் குளிர்விப்பானின் கழுத்தே கையோடு வந்துவிடும். புதிய குழாய்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, பழையவற்றை அறுத்தெடுப்பது மலிவு. ஏசி கம்ப்ரஸரைக் குழாய்களோடு அப்படியே அவிழ்த்து ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டால் போதும், வாயுவை இறக்கத் தேவையில்லை. அதை இறக்க உரிமம் பெற்றவர் வேண்டும் என்பதால் இந்த வழி செலவையும் மிச்சப்படுத்தும். வயரிங் இணைப்புகளைப் பொறுத்தவரை, கழற்றுமுன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, காகித நாடாவில் எழுதி ஒட்டுவதைத் தவிர வேறு உபாயம் கிடையாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பழைய என்ஜின் ஏன் செத்தது? ரெனிசிஸின் மரணத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ரோட்டாரின் முனை சீல் தேய்மானம். அது தேய்ந்தது உண்மைதான், ஆனால் பல கார்களில் அது முடிவு மட்டுமே. ஆர்எக்ஸ்-8-இல் நான்கு ப்ளக்குகளுக்கு நான்கு காயில்கள். அவை என்ஜின் சூட்டில் வெந்து வலுவிழந்தால் பெட்ரோல் முழுதாக எரிவதில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. அதன் உள்ளே இருக்கும் தேன்கூட்டு அமைப்பு உருகி அடைத்துக்கொள்கிறது. வெளியேற வழியில்லாத சூடு என்ஜினுக்கே திரும்புகிறது. எங்கள் கன்வர்ட்டரைக் கழற்றி ஒரு முனையில் விளக்கைப் பிடித்து மறுமுனையில் பார்த்தபோது, ஓரமாகப் பிறை வடிவில் மட்டுமே வெளிச்சம் தெரிந்தது. மற்றதெல்லாம் உருகிக் கெட்டியாகியிருந்தது. இந்தக் காரில் நன்றாக மறுசீரமைத்த என்ஜினை வைத்து, அதே காயில்களையும் அதே கன்வர்ட்டரையும் மாட்டியிருந்தால், புதிய ஹவுசிங்குகளின் குரோம் பூச்சும் சில மாதங்களில் அதே கதியை அடைந்திருக்கும். காயில்கள், வயர்கள், ப்ளக்குகள் மூன்றும் புதிதாக இருக்க வேண்டும். கீழ்ப் ப்ளக்கும் மேல் ப்ளக்கும் வெவ்வேறு வகை என்பதால் இடம் மாறக் கூடாது. கன்வர்ட்டரும் மாற்றப்பட வேண்டும். இவற்றுக்கான தொகையை என்ஜின் விலையோடு சேர்த்தே கணக்கிடாதவர் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

எண்ணெய்ப் பாதையும் அப்படித்தான். பழைய என்ஜினின் தாங்கிகள் தேய்ந்து கலந்த உலோகத் துகள்கள் குளிர்விப்பான்களின் நுண்ணிய தடங்களில் படிந்திருக்கும். கழுவாமல் இணைத்தால் புதிய தாங்கிகளுக்குள் நேராகப் போய்ச் சேரும். குளிர்விப்பான்களை இருபுறமும் மாறிமாறிக் கரைப்பானால் கழுவி, வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்து, துணியில் மினுமினுப்பு நின்ற பிறகே பொருத்தினோம். ரோட்டரி என்ஜின் தன் சீல்களை மசகிடுவதற்காகக் கொஞ்சம் எண்ணெயை எரிபொருளோடு சேர்த்து எரித்துக்கொண்டே இருக்கும். அதை அளந்து அனுப்புவது தனி பம்ப். 2009-இல் வந்த இரண்டாம் தொடரில் ஒவ்வொரு ஹவுசிங்குக்கும் மூன்று எண்ணெய்த் துளிப்பான்களை வைத்து மின்சார பம்ப்பையும் கொடுத்ததிலிருந்தே, முதல் தொடரின் ஏற்பாடு போதவில்லை என்று மாஸ்டாவே உணர்ந்திருந்தது தெரிகிறது. முதல் தொடர் கார் வைத்திருப்பவர் அந்தப் பம்ப் வேலை செய்கிறதா, துளிப்பான்கள் அடைபட்டுள்ளனவா என்று என்ஜின் வெளியே இருக்கும்போதே சோதித்துவிட வேண்டும். புகைக்குழாயின் வெப்பத்தில் தொய்ந்துபோகும் என்ஜின் தாங்கு ரப்பர்களை மாற்றுவதும் அப்போதே முடிக்க வேண்டிய வேலை. பிறகு அந்த இடத்தில் கை நுழையாது.

ஏற்றும் நாளில் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். கிரேனில் தொங்கும் என்ஜினைச் சாய்த்து இறக்கி, கியர்பாக்ஸின் தண்டு கிளட்ச் தட்டின் நடுவில் நுழையும்படி கோணத்தைச் சரிசெய்வதற்கு ஒருவர் மேலே என்ஜினைப் பிடித்திருக்க, மற்றவர் கீழே கியர்பாக்ஸை ஜாக்கால் சிறுகச் சிறுக உயர்த்த வேண்டும். "அத்தான், கொஞ்சம் இடப்பக்கம்" என்ற குரல் காருக்கு அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. இடைவெளி மூடாமல் நின்றால் போல்ட்களை இறுக்கி இழுத்துவிடலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரும். அப்படிச் செய்தால் கிளட்ச் தட்டு வளையும் அல்லது கியர்பாக்ஸில் போல்ட் நுழையும் காது உடையும். தண்டைச் சற்றுச் சுழற்றி மறுபடி முயன்றால், தானாகவே ஒரு மென்மையான சத்தத்தோடு பொருந்தும். பொருந்திய பிறகே போல்ட்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. முதல் தொடரின் டேஷ்போர்டில் இருக்கும் எண்ணெய் அழுத்த முள், அழுத்தம் உண்டு இல்லை என்பதை மட்டுமே காட்டும், அளவைக் காட்டாது. எனவே தனி மானி ஒன்றை என்ஜினில் தற்காலிகமாகப் பொருத்தினோம். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை நிறுத்திவிடும். அந்த நிலையில் சுற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறியதை மானியில் பார்த்த பிறகே பெட்ரோலை அனுமதிக்க வேண்டும். எண்ணெய் அளக்கும் பம்ப்பின் குழாய்களில் காற்று இருக்கும் என்பதால் முதல் டேங்க் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைக் கலப்பது அவசியம். இதோடு, தண்டின் நிலையை அறியும் சென்சர் பழைய என்ஜினுக்கேற்பக் கணினிக்குள் பதிந்து வைத்திருக்கும் அளவை அழிக்க வேண்டும். சாவியைத் திருப்பி, என்ஜினை இயக்காமல், 8 விநாடிகளுக்குள் 20 முறை பிரேக்கை மிதித்தால், எண்ணெய் அழுத்த முள் ஒருமுறை எழுந்து விழுந்து, பதிவு அழிந்ததைச் சொல்லும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, புதிய என்ஜின் சரியாக ஓடவில்லை என்று விற்றவர்மேல் குறை சொல்பவர்கள் உண்டு. ஸ்டார்ட் ஆனவுடன் பூட்டும்போது தடவிய மசகு எரிந்து வெள்ளைப் புகை கராஜை நிறைக்கும். கதவைத் திறந்து வைத்துப் பொறுமையாக இருந்தால் அடங்கிவிடும். கூலன்ட்டில் காற்று முழுதும் வெளியேறியதா என்பதில் மட்டும் பொறுமை போதாது, கண்காணிப்பும் வேண்டும். டேஷ்போர்டின் வெப்ப முள் நடுவிலேயே அசையாமல் நின்று, என்ஜின் கொதித்த பிறகே நகரும் இயல்புடையது. அடுக்குகளுக்கிடையே உள்ள ரப்பர் வளையங்கள் கெட்டுப்போக அந்தத் தாமதமே போதும். காரின் கணினியிலிருந்து உண்மையான வெப்பநிலையைப் படித்துக் காட்டும் மலிவான கருவி ஒன்றை மாட்டிவைப்பது நல்லது.

என்ஜினைப் பற்றி என்ன சொல்வது? நன்றாக இருக்கிறது. முதல் 1000 மைல்களுக்கு 4000 சுழற்சிக்குள் ஓட்டச் சொன்னார்கள், அப்படியே ஓட்டினோம். அதன் பிறகு எடுத்த சோதனையில் ஆறு முகங்களும் 250 சுழற்சிக்குக் கணக்கிட்டபோது கையேட்டின் 830-ஐ நெருங்கியே இருந்தன. முகங்களுக்கிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. சூட்டில் நிறுத்திய உடனே மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது. 6000 சுழற்சிக்கு மேல் எந்த அதிர்வும் இல்லாமல், எங்கேயும் முட்டாமல், சத்தம் மட்டும் கூர்மையாகிக்கொண்டே போகும் அந்த ஓட்டத்தைப் பிஸ்டன் என்ஜினில் நான் கேட்டதில்லை. இந்த இடத்தில் அமெரிக்க வி8 என்ஜினைத் தூக்கி வைத்துவிடுகிறவர்களின் கணக்கு எனக்குப் புரிகிறது: பாகங்கள் எளிதாகக் கிடைக்கும், திருப்புவிசை தாராளம். ஆனாலும் முன் அச்சுக்குப் பின்னால் இவ்வளவு சிறிய, இவ்வளவு தாழ்ந்த என்ஜினை வைப்பதற்காகவே வரையப்பட்ட காரில் அந்த மாற்றத்தைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. மாஸ்டாவும் 2023-இல் எம்எக்ஸ்-30 காரின் மின்னாக்கிக்காக ஒற்றை ரோட்டார் என்ஜினை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறது. இந்த அமைப்பைக் கைவிட மனமில்லாதவர்கள் ஹிரோஷிமாவிலும் இருக்கிறார்கள்.

யாருக்குப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், வேலைக்குப் போய்வர வேறு வண்டி இருப்பவருக்கு, கூரையுள்ள கராஜும் உதவிக்கு ஒருவரும் இருப்பவருக்கு, என்ஜின் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது துணைப்பாகங்களுக்கு ஒதுக்க முடிந்தவருக்குப் பரிந்துரைப்பேன். வார இறுதியில் இறக்கி ஏற்றித் திங்கட்கிழமை அலுவலகம் போய்விடலாம் என்று நினைப்பவர், காரைப் பட்டறையிலேயே விட்டுப் பொருத்தி வாங்குவது நல்லது. அதே பட்டறை அந்தச் சேவையையும் தருகிறது, அப்படிப் பொருத்தினால் உத்தரவாதக் காலமும் கூடுகிறது.

பொருத்தி முடித்த பிறகு என்ஜின் எண் மாறியதை வாகன உரிமப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். அதற்கு என்ஜின் வாங்கிய ரசீது தேவை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிவிட வேண்டும். உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, எங்களுக்குக் கிடைத்த தாளில் ஒரு நிபந்தனை சிறிய எழுத்தில் இருந்தது: காயில்களும் ப்ளக்குகளும் புதிதாகப் போடப்பட்டதற்கும், கன்வர்ட்டர் சோதிக்கப்பட்டதற்கும் ஆதாரம் காட்டாவிட்டால் உத்தரவாதம் செல்லாது. இது நியாயமான நிபந்தனை. அதை முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று அவர்களிடம் கேட்டிருக்கிறேன்.